சுவரில் தொங்கிய விதித்தாளும் என் வலக்காலும்

தொடங்கிய காரியம் முடியுமாறு அருள்கின்ற பெருமானின் திருவடிகளைத் தொழுது, என் சொந்தக் கால் ஒன்றைப் பற்றி எழுதத் தொடங்குகிறேன். அவன் திருவடியைப் பாடிப் பழகிய நாவினால் உன் காலைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். இந்தக் கால் இன்று மண்ணில் ஊன்றி நிற்பதே அவன் அருள் என்பதுதான் என் விடை. அந்த அருள் ஆஸ்பத்திரிச் சுவரில், ஓர் ஆணியில், அச்சடித்த ஒரு தாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே இருந்ததை நான் ஏழு நாள் பார்க்கவில்லை. என்னைப் போலப் பாராமல் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் கோலார் தங்கவயலில் மரக்கட்டு மேஸ்திரி. பாறையைக் குடைந்து போகும் லெவல்களில் மேற்பாறை இறங்கிவிடாதபடி மரத்தூண் நிறுத்துவது என் வேலை. என்னோடு பன்னிரண்டு ஆட்கள். எல்லோரும் வடாற்காட்டிலிருந்து வந்தவர்கள். கம்பெனி கட்டிக் கொடுத்த ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் அடுத்தடுத்துக் குடியிருப்பவர்கள். தூணை நிறுத்தி, அதன் தலைக்கும் பாறைக்கும் நடுவே ஆப்பு அடிப்பதற்கு முன், இடுப்பிலுள்ள சுருக்குப் பையைத் திறந்து, திருநீற்றால் தூணுக்கு மூன்று கோடு இட்டு, ஐந்தெழுத்தைச் சொல்லுவேன். நான் அதைச் சொல்லாமல் என் ஆட்கள் ஆப்பில் சுத்தியல் வைக்கமாட்டார்கள். ஆப்பு இறங்கும்போது மேலேயிருந்து பாறைத்தூள் கொட்டும். நான் பையின் வாயை இழுத்துக் கட்ட மறந்து, தூணையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆண்டுக்கணக்காக அந்தத் தூள் என் திருநீற்றில் கலந்துகொண்டே இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது.

தங்கவயலின் ஊரிகத்துக்கு ரயில் வந்த மறுவருஷம், சித்திரை மாதம், ஷிப்டு முடிந்து, ஆட்களை ஏற்றியிறக்கும் கூண்டான கேஜில் மேலே வந்த எங்களைச் சோதித்த காவலாளி, அன்றைக்கென்று என் பையைப் பிரித்து, ஒரு தட்டில் கொட்டி, தண்ணீர் விட்டுச் சுழற்றினான். சாம்பல் கரைந்து போயிற்று. தட்டின் ஓரத்தில் கடுகில் பாதியளவு ஒரு மினுக்கம் தங்கியது. தங்கக்கல் திருடிய குற்றத்தின் பேரில் என்னைக் காவல் கொட்டடியில் அடைத்தார்கள்.

அந்தக் கொட்டடியிலிருந்து முந்தின வாரம் ஒருவன் கூரையைப் பிரித்து ஓடியிருந்தான். ஆகவே உள்ளே இருந்த அனைவருக்கும் விலங்கு மாட்டும்படி, கொட்டடிக்குப் பொறுப்பான ஜமேதார் உத்தரவிட்டிருந்தார். என் வலது கணுக்காலில் இரும்பு வளையத்தை வைத்து, ஆணி அடித்து முறுக்கிவிட்டார்கள். பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. கொல்லன் உளி கொண்டு வெட்டினாலொழிய அது கழலாது. வளையத்திலிருந்து ஒரு சங்கிலி.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. உடம்பெங்கும் தடிப்பு, வாந்தி. கணுக்காலில், வளையத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு கொப்புளம் எழுந்து, நெருப்புத்துண்டை ஒட்டவைத்தாற்போல எரிந்தது. என்னைக் கட்டை வண்டியில் ஏற்றிச் சுரங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விலங்கு கூடவே வந்தது. சங்கிலியின் மறுமுனையைக் கட்டில் காலில் சுற்றினார்கள். காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள். அவர் பெயர் நஞ்சப்பா, பூதிகோட்டைக்காரர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் பேசக்கூடியவர்.

தகரக்கூரை போட்ட நீண்ட அறை, பன்னிரண்டு கட்டில். பகலெல்லாம் கூரை காயும். கல்லை இடிக்கும் ஆலையின் ஓசை நில்லாமல் கேட்கும். நோயாளிகளின் முனகலை அது மூடிவிடும். டாக்டர் துரைக்குப் பல சுரங்கங்களின் பொறுப்பு இருந்ததால் பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமைதான் இங்கே வருவார். மற்ற நாட்களில் எல்லாம் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெசர் தேவசகாயம்தான். அவர் வேதக்காரர், அறுவை அறிந்த கை, கடுகடுப்பான வாய். என் கொப்புளத்தை ஈரத்துணியால் நனைத்தார். அது உடைந்து, உள்ளே வெண்மையான நூல்முனை ஒன்று தெரிந்தது.

“நரம்புச் சிலந்தி” என்றார்.

அதை அவர் எனக்கு விளக்கிய விதத்திலேயே சொல்லுகிறேன். இது நரம்பும் அன்று, சிலந்தியும் அன்று, ஒரு புழு. மக்கள் காலை வைத்து இறங்குகிற கிணற்று நீரைக் குடிப்பவர்களுக்கு வருகிறது. குடித்து ஓராண்டு கழித்து, தோலுக்கடியில் முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, வெளியே வர இடம் தேடிக் காலுக்கு இறங்குகிறது. அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் அறும், அறுந்தால் உள்ளே நஞ்சு பரவி, கால் அழுகி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டிவரும். தண்ணீர் சொட்டவிட்டு அதை மயக்கி, ஒரு குச்சியில் நாளுக்கு இரண்டு விரற்கடை சுற்ற வேண்டும். அது இறுக்கினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். முந்தின ஆண்டு ஒரு திருவிழாவில் படிக்கிணற்றில் இறங்கித் தீர்த்தமென்று மும்முறை அள்ளிக் குடித்தது என் நினைவுக்கு வந்தது.

முதல் நாள் இரண்டு விரற்கடை வந்தது. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றில் சுற்றி, கட்டுப் போட்டார். இரண்டாம் நாள் அரை விரற்கடை. மூன்றாம் நாள் அசையவில்லை. கால் வீங்கிக்கொண்டிருந்தது. வளையம் சதைக்குள் புதைந்து, புழு இறங்கிவரும் வழியையே அமுக்கிக்கொண்டிருந்தது.

இங்கே என் பிழையை நான் சொல்லியாக வேண்டும். வளையம் கடிக்கிறது என்பது டிரெசருக்குத் தெரியாது. ஆணியில் யாரும் கைவைக்காதபடி, வளையத்தின் மேல் ஜமேதாரின் உத்தரவுப்படி ஒரு துணி சுற்றியிருந்தது. அதை அவிழ்க்கக் கூடாதென்று கான்ஸ்டபிள் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும், ஆனால் நான் வாய் திறக்கவில்லை. உயிரைப் பிணித்த தளையை அவனே அறுக்க வேண்டும் என்று இளமையிலிருந்து பாடி வந்தவன் நான். அந்த இரும்பைப் பார்க்கப் பார்க்க, முன் வினைக்கு உரிய தளை இதுவே, அறுப்பவன் தானே வந்து அறுப்பான் என்ற எண்ணம் என்னைப் பற்றிக்கொண்டது. வலி மிகுந்தபோது பதிகத்தைச் சற்று உரக்கப் பாடினேன். பக்கத்துக் கட்டிலில் கை முறிந்து கிடந்த சின்னப்பன், “மேஸ்திரி பாடுற பாட்ட பார்த்தா வலி கம்மியா கீதுன்னு நெனச்சிகினேன்” என்று பிறகு சொன்னான்.

என் மனைவி காமாட்சி ஒவ்வொரு நாளும் காலையில் கேழ்வரகுக் கஞ்சியும் துவையலும் கொண்டுவருவாள். ஆட்களின் வீடுகளிலிருந்து முறைவைத்து ஏதாவது வரும். ஒருநாள் முருங்கைக்கீரை, ஒருநாள் இரண்டு முட்டை. முட்டை நான் தொடாதது என்று தெரிந்தும் கொடுத்தனுப்பினார்கள். சின்னப்பன் அதற்காக அவர்களை மனமார வாழ்த்தினான். ஏழாம் நாள் அவள் வந்தபோது நான் பாடிக்கொண்டிருந்தேன். அவள் பாட்டைக் கேட்கவில்லை. காலைப் பார்த்தாள். யாரையும் கேளாமல் துணியைப் பிரித்தாள். வளையம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் வீங்கிய சதை அதை விழுங்கியிருந்தது. விரல்கள் நாவற்பழ நிறமாகியிருந்தன.

“இது எத்தினி நாளா இப்படி கீது?”

நான் தளையைப் பற்றியும் அதை அறுப்பவனைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். அவள் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள்.

“இன்னாங்க, இந்த வளையத்த சாமியா போட்டாரு? ஜமேதாரு போட்டாரு. போட்டவருகிட்ட கேக்காம சாமிகிட்ட கேட்டா, அவரு இன்னா பண்ணுவாரு?”

நாற்பது ஆண்டுகளாக நான் கேட்ட சொற்பொழிவுகளில் எனக்கு இவ்வளவு தெளிவு கிடைத்ததில்லை. நான் பாடுவதை நிறுத்திவிட்டு, டிரெசரைக் கூப்பிட்டு, வலிக்கிறது என்று சொன்னேன்.

தேவசகாயம் காலைப் பார்த்தார். முதலில் என்னை ஏசினார், பிறகு நஞ்சப்பாவை, பிறகு தம்மையே. நாளை மறுநாளுக்குள் இரும்பு கழலாவிட்டால் கால் இராது என்றார். நஞ்சப்பா எழுந்து நின்று, உத்தரவில்லாமல் வெட்டவிட்டால் தம் வேலை போய்விடும் என்று கெஞ்சினார்.

“நீ ஓடிட்டா என் பெல்ட்டு போயிடும் மேஸ்திரி. நான் ஊருல மறுபடி எரும மேய்க்கணும்.”

“அண்ணே, கக்கூசுக்கே இவர ரெண்டு பேரு தூக்கிகினு போறாங்க” என்றான் சின்னப்பன். “எங்க ஓடுவாரு? ஓடுனா நீங்க நடந்து போயி புடிங்க.”

அப்போதுதான் தேவசகாயம் சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஆணியில் ஓர் ஆங்கிலத் தாள் தொங்கியது. ஈக்கறை படிந்து, ஒரு மூலை கிழிந்திருந்தது. மருந்துக் கணக்குத் தாள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். கைதிகளுக்கு விலங்கிடுவது பற்றிச் சர்க்கார் அனுப்பிய விதிகள் என்று அவர் சொன்னார். அதைக் கழற்றிக்கொண்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார்.

நான் கேட்கக் கேட்க எழுந்து உட்கார்ந்தேன். விசாரணை முடியாதவனுக்கு, ஓடுவான் அல்லது தாக்குவான் என்ற அச்சம் இருந்தாலன்றி விலங்கு இடலாகாது. தண்டனையாக ஒருபோதும் இடலாகாது. இடுகிறவர் ஒவ்வொரு கைதிக்கும் தனித்தனியாகக் காரணத்தைத் தம் கையாலேயே எழுத வேண்டும். இட்ட வேளையையும் எழுத வேண்டும். வளையத்தின் கீழ்த் தோல் வைக்க வேண்டும். நாள்தோறும் காலை ஒருவர் பார்க்க வேண்டும். புண்ணோ வீக்கமோ உள்ள உறுப்பில் இரும்பு படலாகாது. ஆஸ்பத்திரியில் உள்ளவனின் விலங்கை, டாக்டர் எழுதிக் கொடுத்தால் அப்போதே கழற்ற வேண்டும். காவலுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். எடுத்த வேளையை எழுதி வைக்க வேண்டும்.

இன்னொரு முறை சொல்லும்படி கேட்டேன். சொன்னார். மூன்றாம் முறை அவர் வாய் திறக்கு முன் நானே முதலிலிருந்து கடைசி வரை ஒப்பித்தேன். பதிகங்களை ஓலையின்றி, ஒருவர் சொல்லக் கேட்டே மனத்தில் ஏற்றியவன் நான். இந்த விதிகள் எனக்குப் பெரிதல்ல. தேவசகாயம் தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்தார். “ஞாயித்துக்கெழம சபைக்கு வாங்க மேஸ்திரி, பைபிள் சங்கீதமெல்லாம் ஒரே மாசத்துல முடிச்சிடலாம்” என்றார். அந்த ஏழு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

டாக்டர் வர மூன்று நாள் இருந்தது. தேவசகாயம் ஒரு கடிதம் எழுதினார். நஞ்சப்பா என்னை விட்டு நகர முடியாது. தேவசகாயம் வார்டை விட்டு நகர முடியாது. கடிதத்தைக் காமாட்சி வாங்கிக்கொண்டாள். சித்திரை வெயிலில், குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்த துரையின் பங்களாவுக்கு நடந்தாள். வாசலில் இருந்தவன் துரை தூங்குவதாகச் சொல்லி, கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறான். இவள் கொடுக்கவில்லை. துரை எழுந்து வெளியே வரும் வரை வாசலிலேயே நின்றிருக்கிறாள். அன்று மாலை துரையின் குதிரை ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. அவர் காலைப் பார்த்தார். நேரே மேசைக்குப் போய், விலங்கைக் கழற்ற வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தத் தாளை நஞ்சப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஜமேதாருக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலை ஜமேதார் பதிவேட்டோடு வந்தார். பெரிய உடம்பு, களைத்த முகம். கொடியவர் என்று அவரை நான் சொல்லமாட்டேன். ஒருவன் ஓடியதற்காக மேலதிகாரியிடம் பட்ட வசை அவரை உறங்கவிடாமல் செய்திருந்தது. டாக்டரின் தாளைப் படித்துவிட்டு, மாற்றுக் காவலுக்குத் தம்மிடம் இன்னொரு ஆள் இல்லையென்றும், அடுத்த வாரம் பார்க்கலாமென்றும் சொன்னார்.

நான் கைகூப்பி, விதிகளைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். வார்டில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதே கழற்ற வேண்டும் என்ற விதிக்கு வந்ததும் ஜமேதார் கையை உயர்த்தினார்.

“சட்டத்த எனக்கே சொல்றியா மேஸ்திரி?”

“சட்டம் உங்களுதுங்க. நான் கேட்டத ஒப்பிக்கிறேன், அவ்வளவுதான்” என்றேன்.

தனித்தனிக் காரணம் எழுதும் விதிப்படி என் பெயருக்கு நேரே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டும்படி தேவசகாயம் மிகப் பணிவாகக் கேட்டார். ஜமேதார் பதிவேட்டைத் திறந்தார். முதற் கைதியின் பெயருக்கு நேரே, ஓடக்கூடும் என்று எழுதியிருந்தது. அதன் கீழே வரிசையாக எல்லாப் பெயர்களுக்கும் நேரே மேற்படி, மேற்படி, மேற்படி. என் பெயருக்கும் மேற்படி. ஜமேதார் அந்த வரிசையின் மேல் விரலை ஓட்டிவிட்டுப் பதிவேட்டை மூடினார். பிறகு, சற்றுத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“சரி, நாளைக்கு நீ எழுந்து போயிட்டா நான் யாரப் புடிக்கிறது?”

அதற்கு விடை கதவருகே நின்றது. என் ஆட்களில் மூத்தவனான முனுசாமி, ஷிப்டு முடிந்து குளிக்காமல் நேரே வந்திருந்தான். பின்னால் இன்னும் ஐந்து பேர். சுரங்கத்தில் ஒவ்வொருவனுக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. இறங்குமுன் அதைக் கொடுத்தால் பலகையில் மாட்டுவார்கள். அது தொங்குகிற வரைக்கும் அந்த ஆள் உள்ளே இருக்கிறான் என்று பொருள். வில்லை இல்லாதவனைக் கேஜில் ஏற்றமாட்டார்கள். முனுசாமி தன் வில்லையை எடுத்து, விதித்தாள் தொங்கிய அந்த ஆணியில் மாட்டினான்.

“மேஸ்திரி போனா, இது உங்களுது. நாங்க வேலைக்கு போவல” என்றான்.

ஐந்து பேரும் மாட்டினார்கள். ஷிப்டுக்குப் போகிறவன் தன்னுடையதை எடுத்துக்கொள்வான், மேலே வந்தவன் தன்னுடையதை மாட்டுவான் என்று பேச்சாயிற்று. ஜமேதார் ஆறு வில்லைகளின் எண்களையும் படித்துக் குறித்துக்கொண்டார். அவரும் தங்கவயலிலேயே இருந்து பழகியவர். பலகையில் தொங்கும் வில்லைக்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொல்லனைக் கூப்பிடச் சொன்னார்.

துளைக்கம்பிகளை அடித்துத் தீட்டும் பட்டறையிலிருந்து கொல்லன் வந்தான். சதைக்கும் இரும்புக்கும் நடுவே நுழைக்க இடமில்லை. தேவசகாயம் எண்ணெய் தடவி, மெல்லிய தகட்டை மயிரிழை மயிரிழையாகச் செலுத்தினார். நஞ்சப்பா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வோர் அடிக்கும் நான் ஐந்தெழுத்தைச் சொன்னேன். என்னை அறியாமலே, தூணுக்கு ஆப்பு இறக்கும் கணக்கில். ஒன்பதாம் அடியில் ஆணி அறுந்தது. வளையம் திறந்தபோது காலுக்குள் குருதி பாய்ந்த வேதனையில் நான் அலறினேன். அந்த அலறலைப் போல இனிமையாக என் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை. வெட்டப்பட்ட வளையம் கட்டிலின் கீழே கிடந்தது. ஜமேதார் வேளை கேட்டு, பதிவேட்டில் தம் கையால் எழுதினார். இம்முறை மேற்படி இல்லை.

வீக்கம் வடிய நான்கு நாளாயிற்று. ஐந்தாம் நாள் தேவசகாயம் தண்ணீர் சொட்டவிட்டு ஈர்க்கைத் திருப்பினார். அசையாதிருந்த நூல் அசைந்தது. அன்று முதல் நாள்தோறும் இரண்டு விரற்கடை, சில நாள் மூன்று. அந்த நாட்களில் நான் அஞ்சியது ஒன்றே ஒன்று: அறுந்துவிடுமோ என்பது. தும்மல் வந்தால் அடக்குவேன், இருமவும் பயம். குச்சியை டிரெசர் தொடும் வேளையில் எழ முடிந்தவர்கள் எல்லாம் என் கட்டிலைச் சூழ்ந்துகொள்வார்கள். பிறகு சின்னப்பன், “எத்தினி விரலு?” என்று கேட்பான். அளவைக் கேட்டு, கூரைவரை கூச்சல் எழும். ஆணியில் வில்லைகள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு நாழிகைகூட அது வெறுமையாக இருந்ததில்லை. பதினோராம் நாள், கடைசி முனை வெளியே வழுக்கி வந்து விழுந்தது. அறாமல், முழுதாக. தேவசகாயம் அதை நீட்டி அளந்தார். அவர் முழங்கையைத் தாண்டிற்று. காமாட்சி அதைப் பார்க்க மறுத்து, என் காலைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

வழக்கும் அதே மாதத்தில் முடிந்தது. பையிலிருந்த தூளைச் சோதித்தவர், என் ஆட்கள் யாருடைய காலில் ஒட்டிய சேற்றை எடுத்தாலும் இதைவிடத் தங்கம் அதிகம் இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார். நியாயாதிபதி தூணுக்குத் திருநீறு இடும் வழக்கத்தை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டு, பையின் வாயைக் கட்டிவைக்கும்படி சொல்லி, என்னை விடுவித்தார். இப்போது ஆப்பு அடிக்குமுன் பையைக் கட்டுகிறேன். முனுசாமி அதையும் சரிபார்த்த பின்தான் சுத்தியலை எடுக்கிறான்.

பெருமான் தளையை அறுப்பான் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அறுக்கும் உளியைச் சில வேளைகளில் சுவரில் மாட்டிவைத்துவிட்டு, நாம் கேட்கிறோமா என்று பார்த்திருக்கிறான் என்பது மட்டும் புதிதாகத் தெரிந்தது.

அந்த விதிகளைத் தமிழில் எழுதி, தாளின் பக்கத்திலேயே தேவசகாயம் ஒட்டிவைத்தார். லைன் வீடுகளில் எழுத்தறியாதவர்களுக்காக நான் அவற்றைப் பாடம் சொன்னேன். மாலையில் பதிகம் முடிந்ததும் அவற்றையும் ஒருமுறை சொல்லி முடிப்போம். சென்ற மாதம் சின்னப்பன் மறுபடி கை முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தான். அவனைப் பார்க்கப் போயிருந்தேன். காய்ச்சலில் நடுங்கும் ஒருவனை, காலில் இரும்போடு, கட்டை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வாய் திறக்கப் போனேன். அதற்கு முன்பே, அவனை அழைத்து வந்த கான்ஸ்டபிள் டிரெசரின் மேசைக்குப் போய், “டாக்டருக்கு தாளு எழுதுங்க, இப்பவே” என்று கையை நீட்டினார். அவர் நஞ்சப்பா. கொல்லனுக்கு அவர் முன்னமே சொல்லி அனுப்பியிருந்தார். உளியோடு அவன் வாசலில் நின்றான்.

நான் வீட்டுக்கு நடந்தே திரும்பினேன்.